தோழியின் அட்டையிலிருந்து ஒரு மாத்திரை

எத்தினைல் எஸ்ட்ரடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் ஒரு கிராம் இருந்தால் போதும், சுமார் 33,000 கருத்தடை மாத்திரைகள் தயாரித்துவிடலாம். ஒரு மாத்திரைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம்தான். அந்தத் துளி, மாத்திரையில் கூடவே இருக்கும் புரொஜெஸ்டின் என்ற ஹார்மோனோடு தினமும் உடலுக்குள் போனால் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் கட்டளை நின்றுவிடுகிறது, கருமுட்டை வெளிவருவதில்லை, கல்லீரல் தயாரிக்கும் புரதங்களின் அளவு மாறுகிறது, சிலருக்கு இரத்த அழுத்தமும் ஏறுகிறது. இவ்வளவு சிறிய அளவில் இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் மருந்துகள் குறைவு.

இந்த மருந்துதான் மகளிர் விடுதி அறையில், அலுவலக ஓய்வறையில், கல்யாண வீட்டு உள்ளறையில் கொண்டை ஊசியைக் கேட்டு வாங்குவதுபோலக் கைமாறுகிறது. காரணங்கள் பல. ஒருத்திக்கு அட்டை தீர்ந்துவிட்டது, மருந்துக்கடைக்குப் போய்க் கேட்கக் கூச்சம். இன்னொருத்திக்கு நீர்க்கட்டி, அதே பிரச்சினைக்குத் தோழி போடும் மாத்திரை தனக்கும் சரியாக வரும் என்று நம்புகிறாள். மூன்றாமவளுக்குக் கோயில் பயணத்தன்று மாதவிலக்கு வந்துவிடக் கூடாது. "எனக்கு ஒண்ணும் செய்யலடி, நீயும் போடு" என்று அன்போடு நீளும் கையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் மூவரில் ஒருவருக்கு மேல், மருத்துவர் எழுதித் தரும் ஏதோ ஒரு மருந்தைப் பிறரிடம் வாங்கியோ பிறருக்குக் கொடுத்தோ இருந்தார்கள். ஒவ்வாமை மருந்துகளும் வலி மாத்திரைகளும்தான் அந்தப் பட்டியலில் முன்னே நின்றன. ஆனால் எல்லா மருந்துக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. கருத்தடை மாத்திரை, அதைப் போடும் உடல் யாருடையது என்பதைப் பொறுத்துப் பாதுகாப்பாகவோ ஆபத்தாகவோ ஆகிற மருந்து. தோழிக்கு நாம் கொடுப்பது மாத்திரையை மட்டும்தான். அதை நமக்குப் பாதுகாப்பாக்கிய கேள்விகளும் பரிசோதனையும் நம்மிடமே நின்றுவிடுகின்றன.

கல்லீரல் வழியாக ஒரு பயணம்

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. ஒன்று சினைப்பையில் கருமுட்டையை வளர்க்கிறது. மற்றொன்று மாதத்தின் நடுவில் திடீரென உயர்ந்து அந்த முட்டையை வெளியே தள்ளுகிறது. மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் நாள்தோறும் ஒரே அளவில் இரத்தத்தில் இருப்பதால் பிட்யூட்டரி அடங்கிப்போகிறது. முட்டை வளர்வதும் இல்லை, வெளிவருவதும் இல்லை. கருப்பை வாயில் சுரக்கும் சளி கெட்டியாகி விந்தணுக்களையும் மறிக்கிறது. இந்த அடக்கம் முழுமையாக நடக்கத் தொடர்ந்து ஏழு நாட்கள் மாத்திரை போட வேண்டும். ஒன்றிரண்டு மாத்திரைகளைக் கடன் வாங்கிப் போட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு தொடங்குவதே இல்லை.

இயற்கையான எஸ்ட்ரடயாலை வாய்வழி கொடுத்தால் கல்லீரல் அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும். 1938-இல் பெர்லினில் ஷெரிங் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறில் எத்தினைல் என்ற சிறு தொகுதியைச் சேர்த்தார்கள். அதன்பின் கல்லீரலால் அதை எளிதில் உடைக்க முடியவில்லை. மாத்திரை வடிவில் ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது சாத்தியமானது இதனால்தான். இதே குணம்தான் ஆபத்துக்கும் வேர். குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே உடையாமல் தங்கும் ஈஸ்ட்ரோஜன், கல்லீரல் செல்களைத் தூண்டுகிறது. இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் முதலிய காரணிகள் கூடுகின்றன. உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின், புரோட்டீன் எஸ் ஆகியவை குறைகின்றன. இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஒரு புரதத்தின் உற்பத்தியும் உயர்கிறது.

பெரும்பாலான பெண்களின் உடல் இந்த மாற்றத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஏற்கெனவே உறைதலின் பக்கம் சாய்ந்திருக்கும் உடலுக்கு இது ஒரு தள்ளு. அப்படிச் சாய்ந்திருப்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அறிவு வந்த வழி

அமெரிக்காவின் கிரிகரி பிங்கஸும் ஜான் ராக்கும் உருவாக்கிய ஈனோவிட் என்ற முதல் மாத்திரை 1956-இல் போர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியட்ராஸ் குடியிருப்பில் பெண்களிடம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. இன்றைய மாத்திரையோடு ஒப்பிட்டால் அதன் வீரியம் மலைக்க வைக்கும்: ஏறக்குறைய 10 மில்லிகிராம் புரொஜெஸ்டின், 150 மைக்ரோகிராம் மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜன். களத்தில் பொறுப்பேற்றிருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, கருத்தடையாக அது நன்றாக வேலை செய்கிறது, ஆனால் 17 சதவீதப் பெண்களுக்குத் தலைசுற்றல், குமட்டல், தலைவலி போன்ற தொல்லைகள் வருகின்றன, பொதுப் பயன்பாட்டுக்கு இது ஏற்றதல்ல என்று எழுதினார். அந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி மனத்தில் கிளம்புவது என்று பிங்கஸ் கருதினார். 1960-இல் அமெரிக்க அரசு ஈனோவிட்டைக் கருத்தடைக்கு அனுமதித்தது.

அடுத்த ஆண்டே, 1961-இல், இங்கிலாந்தின் கிராமப்புறப் பொதுமருத்துவர் ஒருவர் லான்செட் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். கருப்பை உட்சவ்வு நோய்க்காக இந்த மாத்திரையை எடுத்த 40 வயது செவிலியர் ஒருவரின் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது என்பதே செய்தி. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய கடிதம்தான். ஆனால் அதன்பின் பல ஊர்களிலிருந்து இதேபோன்ற செய்திகள் வந்து சேர்ந்தன. 1960-களின் இறுதிக்குள் பிரிட்டனின் ஆய்வுகள் இந்தத் தொடர்பை உறுதிப்படுத்தின. ஈஸ்ட்ரோஜன் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்று தெரிந்தது. 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகளைத் தவிர்க்கும்படி 1969 டிசம்பரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

1970 ஜனவரியில் அமெரிக்க செனட்டர் கேலார்ட் நெல்சன் நடத்திய விசாரணையில் இளம்பெண்கள் எழுந்து குறுக்கிட்டார்கள். மாத்திரையைச் சாப்பிடுவது நாங்கள், ஆபத்தை எங்களிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்பது அவர்களின் கேள்வி. அந்த ஆண்டே மாத்திரைப் பெட்டிக்குள் நோயாளிக்கான எச்சரிக்கைத் தாள் வைக்கப்பட வேண்டும் என்று அங்கே விதி வந்தது. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தத் தாள் பெண்கள் போராடி வாங்கியது. தோழிக்காக அட்டையின் ஒரு மூலையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது அந்தத் தாளும் போவதில்லை, அட்டையின் பின்புறம் அச்சிட்ட மருந்தின் பெயரும் பல நேரம் முழுதாகப் போவதில்லை.

பத்தாயிரத்தில் எத்தனை பேர்

ஆபத்தின் அளவைச் சரியாகச் சொல்ல வேண்டும். மாத்திரை எடுக்காத, கர்ப்பமாகவும் இல்லாத 10,000 பெண்களில் ஓர் ஆண்டில் 2 பேருக்குக் கால் சிரையிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வரும். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரொஜெஸ்டின் கலந்த மாத்திரை எடுப்பவர்களில் இது 5 முதல் 7 பேர். டிராஸ்பிரினோன், டெசொஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன் கலந்தவற்றில் 9 முதல் 12 பேர். 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை சான்றுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு இது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டிய வாரங்களிலும் ஆபத்து இவை எல்லாவற்றையும் விட அதிகம். ஆகவே சரியான பெண்ணுக்குச் சரியான மாத்திரை நல்ல மருந்து.

ஆனால் இந்தச் சராசரிக்குள் இரண்டு உண்மைகள் மறைந்திருக்கின்றன.

முதலாவது, ஆபத்து எல்லா மாதங்களிலும் சமமாக இருப்பதில்லை. முதல் ஆண்டில்தான் உச்சம். நான்கு வாரங்களோ அதற்கு மேலோ நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் அந்த உச்சம் திரும்பி வருகிறது. ஐந்து ஆண்டுகளாக ஒரே மாத்திரையை எடுத்துவரும் தோழி ஆபத்து மிகுந்த காலத்தைக் கடந்துவிட்டவர். அவரிடம் வாங்கிப் போடுபவர் இன்றுதான் அந்தக் காலத்துக்குள் நுழைகிறார். பொங்கலுக்கு ஒரு தடவை, கோடை விடுமுறைக்கு ஒரு தடவை என்று விட்டுவிட்டுப் போடுபவர் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே நிற்கிறார். "எப்போதாவதுதானே போடுகிறேன்" என்ற சமாதானம் இந்த மருந்துக்குப் பொருந்தாது.

இரண்டாவது, ஆபத்துகள் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரில் 1994-இல் ஃபேக்டர் ஐந்து லைடன் என்ற மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு அங்கே நடந்த ஆய்வில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு இரத்தக்கட்டி ஆபத்து சுமார் 4 மடங்கு. மரபணு மாற்றம் மட்டும் இருந்தவர்களுக்கு சுமார் 7, 8 மடங்கு. இரண்டும் சேர்ந்தவர்களுக்கோ 30 மடங்குக்கு மேல். ஐரோப்பியர்களில் ஏறக்குறைய நூற்றில் 5 பேரிடம் இருக்கும் இந்த மாற்றம் இந்தியர்களிடம் குறைவு. ஆனால் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றின் பிறவிக் குறைபாடு நம்மிடையேயும் உண்டு. எல்லோருக்கும் மரபணுச் சோதனை செய்வது நடைமுறையில் இல்லை, தேவையும் இல்லை. அதற்குப் பதிலாக மருத்துவர் ஒரு கேள்வி கேட்கிறார்: அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது சின்ன வயதிலேயே இரத்தக்கட்டி வந்ததா? தோழியிடம் மாத்திரை கேட்கும் பெண்ணிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கேள்விகள்

யாருக்கு எந்தக் கருத்தடை முறை பொருந்தும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996 முதல் ஒரு தகுதி அட்டவணை வெளியிட்டு, புதிய சான்றுகளுக்கேற்ப அதைத் திருத்தி வருகிறது. ஒவ்வொரு உடல்நிலைக்கும் 1 முதல் 4 வரை எண். 1 என்றால் தடையில்லை. 4 என்றால் கொடுக்கவே கூடாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைக்கு 4 என்று எண் பெற்றவை சில:

முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி வந்தவர்கள். பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள். இரத்த அழுத்தம் 160/100 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள். 35 வயதோ அதற்கு மேலோ ஆகி, நாளுக்கு 15 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவர்கள். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள். கடுமையான கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்கள். பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாமல் தாய்ப்பால் கொடுப்பவர்கள். பெரிய அறுவை சிகிச்சை முடிந்து நாள்கணக்கில் படுக்கையில் இருப்பவர்கள்.

இவற்றோடு எளிதில் தப்பிவிடும் ஒன்றும் உண்டு: ஒற்றைத் தலைவலி. தலைவலி தொடங்குமுன் சிலருக்குக் கண்ணுக்கு முன்னே மின்னும் வளைவுகள் தெரியும், பார்வையில் ஒரு பகுதி மறையும், கையோ உதடோ மரத்துப்போகும். இத்தகைய முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மூளைப் பக்கவாத ஆபத்து இயல்பாகவே சற்று அதிகம். ஈஸ்ட்ரோஜன் அதை மேலும் ஏற்றுகிறது. இவர்களுக்கும் எண் 4தான். வெயிலில் போனால் வரும் சாதாரணத் தலைவலி என்றே பல பெண்கள் இதை நினைத்திருக்கிறார்கள். நேரில் கேட்டால் ஒழிய வெளிவராத செய்தி இது.

இரத்த அழுத்தமும் அப்படித்தான். இளம்பெண்ணுக்குப் பிரஷர் 150/95 இருந்தால் அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. வலி இல்லை, அறிகுறி இல்லை. கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிள்ளை பெற்றவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் சில வாரங்கள் இரத்தம் உறையும் தன்மை இயற்கையாகவே உச்சத்தில் இருக்கிறது. பிரசவத்தில் இரத்தப்போக்கை நிறுத்த உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அடுத்த குழந்தை உடனே வேண்டாம் என்று அண்ணியோ பக்கத்து வீட்டுக்காரரோ கொடுக்கும் மாத்திரை, மிக மோசமான நேரத்தில் போய்ச் சேருகிறது. பாலூட்டும் தாய்க்கு வேறு முறைகள் இருக்கின்றன: காப்பர்-டி, புரொஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை, ஆணுறை.

பிறகு, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுகிறது. கருத்தடை ஹார்மோன் வேலை செய்யுமுன் சிதைந்துவிடுகிறது. 1970-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் காசநோய் சிகிச்சையில் இருந்த பெண்கள் மாத்திரை எடுத்தும் கருவுற்றபோதுதான் இது தெரியவந்தது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன், கார்பமாசெபின் ஆகியவற்றுக்கும் இதே விளைவு. லாமோட்ரிஜின் கதை தலைகீழ்: ஈஸ்ட்ரோஜன் அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் பாதியளவுக்குக் குறைத்துவிடக்கூடும், அடங்கியிருந்த வலிப்பு மறுபடி வரலாம். காசநோயையும் வலிப்பையும் தோழிகளிடம்கூடச் சொல்லத் தயங்கும் சமூகம் நம்முடையது. மாத்திரை கொடுக்கும் தோழிக்கு, வாங்குகிறவள் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்பது தெரியாமலே போகலாம்.

ஒரே பெயர், வேறு வேறு மருந்து

கருத்தடை மாத்திரை என்று நாம் ஒரே பெயரில் சொல்வது பல மருந்துகளை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள். அவற்றில் 21-இல்தான் ஹார்மோன் உண்டு: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ரடயால் 0.03 மில்லிகிராம். மீதி 7 இரும்புச்சத்து மாத்திரைகள். அவசரத்துக்கு அட்டையின் கடைசியிலிருந்து இரண்டைப் பிய்த்துக் கொடுத்தால் தோழிக்குப் போவது இரும்புச்சத்து மட்டும்தான்.

லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்து 1991-இல் சஹேலி என்ற பெயரில் வந்த சென்ட்குரோமான் மாத்திரையில் ஹார்மோனே இல்லை. அரசுத் திட்டத்தில் அதன் பெயர் சாயா. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. மாலா-என் பழக்கத்தில் சாயாவைத் தினமும் போட்டாலும் தவறு. சாயா பழக்கத்தில் மாலா-என்னை வாரம் ஒன்று போட்டாலும் தவறு. முகப்பரு, முகத்தில் முடி ஆகியவற்றுக்கு எழுதித் தரும் சைப்ரோட்டிரோன் கலந்த மாத்திரையோ வேறு ரகம். இரத்தக்கட்டி மரணங்களை அடுத்து 2013-இல் பிரான்ஸ் அதை நிறுத்திவைத்தது. மற்ற சிகிச்சைகள் பலிக்காத சிலருக்கு மட்டும் கொடுக்கலாம் என்று ஐரோப்பிய முகமை பின்னர் வரையறுத்தது. டிராஸ்பிரினோன் கலந்த மாத்திரை உடலில் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அது கேடு.

நீர்க்கட்டிக்கு மாத்திரை வாங்குகிறவர் இன்னொன்றையும் இழக்கிறார். மாதவிலக்கு தவறுவதற்குத் தைராய்டு கோளாறு காரணமாக இருக்கலாம், புரோலாக்டின் என்ற ஹார்மோனின் மிகுதி காரணமாக இருக்கலாம், கர்ப்பமே காரணமாக இருக்கலாம். மாத்திரை போட்டதும் மாதாமாதம் இரத்தப்போக்கு வந்துவிடும். எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். மூலகாரணம் உள்ளே அப்படியே வளரும்.

கொடுப்பவருக்கும் இழப்பு உண்டு. அட்டையிலிருந்து மூன்று மாத்திரை தோழிக்குப் போய்விட்டால், அடுத்த அட்டை வாங்கும்வரை அவருக்கு இடைவெளி விழுகிறது. தொடர்ந்து இரண்டு மாத்திரை தவறினாலே, மறுபடி தொடங்கி ஏழு நாள் ஆகும்வரை ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பு வேண்டும். துல்லியமாக எடுத்தால் ஓராண்டில் ஆயிரத்தில் 3 பெண்கள்தான் மாத்திரையையும் மீறிக் கருவுறுகிறார்கள். வாழ்க்கையில் நடக்கிறபடி விட்டும் தொட்டும் எடுத்தால் நூற்றில் 7 பேர். ஒரே அட்டையைப் பங்கிட்ட இரண்டு பெண்கள், இருவருமே பாதுகாப்பு இல்லாமல் நிற்க நேரிடும்.

தள்ளிப்போடும் மாத்திரை

தமிழ் வீடுகளில் மிக அதிகமாகக் கைமாறுவது மாதவிலக்கைத் தள்ளிப்போடும் நார்எதிஸ்டிரோன் மாத்திரையாகத்தான் இருக்கும். கல்யாணம், கிரகப்பிரவேசம், திருவிழா, மலைக்கோயில் பயணம் என்று எத்தனையோ சந்தர்ப்பங்கள். வீட்டில் ஒருவருக்கு எப்போதோ மருத்துவர் எழுதியது, பிறகு குடும்பத்துப் பெண்கள் அனைவருக்கும் பொதுச்சொத்தாகிவிடுகிறது. இது புரொஜெஸ்டின் மட்டும்தானே, ஈஸ்ட்ரோஜன் இல்லையே என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். ஆனால் 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை போடும்போது, அதில் ஒரு சிறு பங்கை உடலே எத்தினைல் எஸ்ட்ரடயாலாக மாற்றிக்கொள்கிறது. அந்த அளவு ஏறக்குறைய ஒரு கருத்தடை மாத்திரையில் இருப்பதற்குச் சமம். ஆகவே இரத்தக்கட்டிக்கான கேள்விகள் எல்லாம் இதற்கும் பொருந்தும். இரத்தக்கட்டி ஆபத்து உள்ள பெண்ணுக்கு மருத்துவர் வேறு புரொஜெஸ்டினைத் தேர்ந்தெடுப்பார். இந்த மாத்திரையை இப்படிப் போடுவது கருத்தடையாகவும் ஆகாது.

ஆபத்து காலோடும் நுரையீரலோடும் நிற்பதில்லை. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம் மூளைச் சிரைகளில் இரத்தம் உறைந்த 428 நோயாளிகளைப் பற்றி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 11 சதவீதத்தினரிடம் கருத்தடை மாத்திரை ஒரு காரணியாக இருந்தது. ஈரானில் ரம்ஜான் நோன்பு விட்டுப்போகாமலிருக்கக் குறுகிய காலம் ஹார்மோன் மாத்திரை எடுத்த பெண்களிடம் இந்நோய் வருவதை அங்குள்ள நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நோன்பும் நீண்ட பயணமும் உடலில் நீர் வற்றச் செய்கின்றன. பேருந்தில் மணிக்கணக்கில் கால் மடக்கி உட்காரும்போது கால் சிரைகளில் இரத்தம் தேங்குகிறது. கடவுளை நினைத்துக் கிளம்பும் பெண், மாத்திரை, நீர் வற்றல், இரத்தத் தேக்கம் ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் சுமக்கிறாள். மாதவிலக்கு வந்தால் ஒதுக்கிவைக்கும் வழக்கம் அவளுக்கு இந்தச் சுமையை ஏற்றிவைக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

பயமுறுத்துவது தீர்வல்ல

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, சில புதிய மாத்திரைகளில் இரத்தக்கட்டி ஆபத்து இரட்டிப்பு என்று அவசர எச்சரிக்கை விடுத்தது. செய்தி சரிதான். ஆனால் ஆபத்தின் உண்மை அளவு மக்களுக்கு விளக்கப்படவில்லை. ஏராளமான பெண்கள் அட்டையைப் பாதியில் தூக்கிப் போட்டார்கள். 1996-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் முந்தைய ஆண்டைவிட 13,000-க்கு மேல் உயர்ந்தன. பயமும் தீங்கு செய்யும். அதோடு மாத்திரையின் நன்மைகளையும் மறைக்கக் கூடாது. 21 நாடுகளின் 45 ஆய்வுகளைச் சேர்த்து 2008-இல் லான்செட்டில் வந்த கணக்கு, அதுவரை மாத்திரை சுமார் 2 லட்சம் சினைப்பைப் புற்றுநோய்களைத் தடுத்திருக்கிறது என்று மதிப்பிட்டது.

பெண்கள் தோழியிடம் கேட்கிறார்கள் என்றால், வேறு இடத்தில் கேட்க முடியவில்லை என்று பொருள். தமிழ்நாட்டில் அவசரக் கருத்தடை மாத்திரைக்குச் சட்டத்தில் தடை இல்லை. ஆனாலும் பல மருந்துக்கடைகளில் அது கிடைப்பதில்லை. கேட்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்க்கும் பார்வை மட்டும் கிடைக்கும். கல்யாணம் ஆகாத பெண் மருத்துவமனைக்குப் போனால் முதல் கேள்வி உடல்நலத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. இந்த வெட்கத்தை நாம்தான் அவள்மேல் போட்டிருக்கிறோம். அதைக் களையாமல் பகிர்வதை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல.

அமெரிக்காவின் எல் பாசோ நகரில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வு நல்ல வழி காட்டுகிறது. கேள்விப்பட்டியலைக் கையில் கொடுத்தால், மாத்திரை தனக்குப் பொருந்துமா என்பதைப் பெரும்பாலான பெண்கள் தாங்களே சரியாகக் கண்டுகொண்டார்கள். அவர்கள் பிடிக்கத் தவறியதில் முதன்மையானது, தங்களுக்கே தெரியாத உயர் இரத்த அழுத்தம். கேள்விகளும் ஒரு பிரஷர் கருவியும் போதும். 2023 ஜூலையில் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கக்கூடிய முதல் தினசரிக் கருத்தடை மாத்திரையை அமெரிக்கா அனுமதித்தபோது, தேர்ந்தெடுத்தது ஈஸ்ட்ரோஜன் இல்லாத நார்ஜெஸ்ட்ரல் மாத்திரையை. பெண்களுக்கு வழியைத் திறந்துவிடும்போதும் எந்த மாத்திரை என்பதில் கவனம் இருந்தது.

தோழிக்கு என்ன கொடுக்கலாம்

அவளிடம் கேளுங்கள்: முன்பு இரத்தக்கட்டி வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது வந்ததா? கண்ணில் மின்னலோடு தலைவலி வருமா? பிரஷர் கடைசியாக எப்போது பார்த்தாய்? வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய்? சமீபத்தில் பிரசவமோ அறுவை சிகிச்சையோ ஆனதா? கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? பிறகு அவளுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நம்பிக்கையான மருத்துவரிடமோ கிளம்புங்கள். தனியாகப் போகக் கூசுகிறவளுக்குத் துணைதான் உண்மையான உதவி. கிராமங்களில் சுகாதாரச் செவிலியரிடமே மாத்திரையும் ஆணுறையும் இலவசமாகக் கிடைக்கும், பிரஷரும் பார்ப்பார்கள். அவசரக் கருத்தடை தேவை என்றால் தாமதிக்க வேண்டாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாட்களுக்குள் பொருத்தும் காப்பர்-டி அதைவிட உறுதியானது.

ஏற்கெனவே வாங்கிப் போட்டாகிவிட்டது என்றால் பதற வேண்டாம். ஒன்றிரண்டு மாத்திரையால் பெரும்பாலோருக்கு எதுவும் நேராது. கர்ப்பம் தெரியாமல் போட்டிருந்தாலும் குழந்தைக்கு ஊனம் வரும் என்பதற்குச் சான்று இல்லை. மேற்கொண்டு போடாமல், ஆணுறை பயன்படுத்திக்கொண்டு, மருத்துவரைப் பாருங்கள். ஆனால் இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள்: ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்கால் வலியும், திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி, இதுவரை வராத அளவில் கடும் தலைவலி, பார்வை மங்குதல், பேச்சுக் குழறல், கைகால் பலமிழத்தல், கடுமையான வயிற்றுவலி.

மருத்துவமனைக்குப் போனதும் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மருத்துவர் எழுதிய மாத்திரைக்குப் பதிவு இருக்கும். கடன் வாங்கிய மாத்திரைக்கு எங்கும் பதிவு இல்லை. இருபது வயதுப் பெண் தலைவலி என்று வந்தால் இரத்தக்கட்டி யாருடைய மனத்திலும் முதலில் தோன்றாது; வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக்கூடும். எந்த மாத்திரை, எத்தனை நாள் போட்டேன் என்று அவள் சொன்னால், மருத்துவர் உடனே மூளைச் சிரைகளுக்கான ஸ்கேன் எடுக்கச் சொல்வார். சரியான சிகிச்சை அன்றே தொடங்கும். அவளால் பேச முடியாத நிலை என்றால், மாத்திரை கொடுத்த தோழி சொல்ல வேண்டும், அவளுடைய பெற்றோர் அருகில் நின்றாலும் சொல்ல வேண்டும்.